மீதி எதிர் வீட்டில்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பிறந்த அன்றே நர்ஸை முறைத்தேன் என்று அம்மா சொல்வாள். அப்படிப்பட்ட நான் வாழ்நாளிலேயே அதிகமாகக் கொதித்தது ஒரு புத்தகத்தின் மேல்தான். லஸ் முனை நடைபாதையில் வாங்கிய தடிப் புத்தகம். அதில் ஒரு கதைக்குக் கடைசிப் பக்கம் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. தி. நகரில், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று நடத்திய ஜவுளிக்கடையின் மாடியில் நான் ஸ்டெனோ. சாயங்காலம் பஸ்ஸில் வந்து லஸ்ஸில் இறங்கினால் நல்ல பெண்ணாக நேரே வீட்டுக்குப் போகிற வழக்கம் எனக்குக் கிடையாது. சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்பவரிடம் போய், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ரயில்வே கைடு, சட்டப் புத்தகம், சாமி படம் போட்ட காலண்டர் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டாலும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

அன்றைக்குக் கையில் சிக்கியது கறுப்புக் காலிகோ அட்டை போட்ட ஒன்று. பழைய லண்டன் மாதப் பத்திரிகைகளிலிருந்து கிழித்தெடுத்த பக்கங்களைச் சேர்த்து பைண்டு செய்திருந்தார்கள். முதல் கதையில் ஒரு கவர்னஸ், பணக்கார வீட்டோடு தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவள். அவள் வேலைக்குப் போகிற வீட்டில் எல்லாம் குழந்தைகள் வெளுத்துப்போகின்றன. அடுத்ததில் ஒரு கப்பல் டாக்டர், அவருக்குப் பசியே எடுப்பதில்லை. மூன்றாவதைப் புரட்டும்போதுதான் உறைத்தது. அத்தனையும் ரத்தம் குடிக்கிறவர்களைப் பற்றிய கதைகள். யாரோ ஒரு புண்ணியவான் வருஷக்கணக்காகப் பத்திரிகை வந்ததும் வந்ததுமாகப் பார்த்து, இந்த ஒரு வகைக் கதையை மட்டும் கிழித்துச் சேர்த்துவைத்திருக்கிறார். விக்டோரியா காலத்துக் கதைகளில் அவர்கள் குதிரை வண்டியில் வந்தார்கள். முதல் யுத்தத்துக்குப் பிறகு வந்த கதைகளில் மோட்டார் காரில் வந்தார்கள். குடிப்பதை மட்டும் யாரும் விடவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆங்கிலத்தில் பி.ஏ. படித்தவள் நான். எழுதியவர்கள் பெயர் ஒன்றுகூட எந்த வகுப்பிலும் காதில் விழுந்ததில்லை. எங்கள் கல்லூரி நூலகத்தில் மூன்று வருஷம் குடியிருந்திருக்கிறேன், அங்கேயும் கண்ணில் பட்டதில்லை. உலகமே மறந்துபோன கதைகள், லஸ்ஸில் ஒரு சாக்கின் மேல், எனக்காக உட்கார்ந்திருக்கின்றன! கூட்டத்தில் யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று மார்போடு அணைத்துக்கொண்டேன். அந்தக் கூட்டத்தில் அதை ஒரு நாயும் சீந்தியிருக்காது என்பது வேறு விஷயம்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தது அக்காவுக்காக. அக்கா மூன்று மாதமாகப் படுத்த படுக்கை. அத்தானுக்கு நெய்வேலியில் வேலை. ஏற்கெனவே இரண்டு கலைந்துவிட்டன. மூன்றாவது தங்கியபோது, நடுவில் ஒருநாள் ரத்தம் பட்டுவிட்டது; எழுந்து உட்காரவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டிலின் கால்மாட்டில் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தோம். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளை வைத்துவிட்டு, ஒண்ணும் ஆகாது, தங்கமாட்டம் பிள்ளை பொறக்கும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அக்கா தலையாட்டுவாள். அவர்கள் போனதும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். என்னைவிட நான்கு வயது பெரியவள், வாயாடி, பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலவே நடந்து காட்டி எங்களைச் சிரிக்கவைத்தவள், அப்படிக் கிடப்பதை என்னால் தாங்கவே முடியவில்லை.

என்ன புத்தகம் என்று சொன்னதும் மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் கண் விரிந்தது.

அம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சியைத்தான் காட்டேரி தேடிவரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தப் பெயரையே அந்த அறையில் சொல்லக்கூடாது. தலையணைக்கு அடியில் இரும்புக் கத்தியும் வேப்பிலையும் வைத்திருந்தாள். அந்தத் தலையணைக்குப் பக்கத்தில் நான் கொண்டுவந்து வைத்தது இருபத்திரண்டு காட்டேரி. அன்று எனக்குக் கிடைத்த வசவை எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது.

அதற்காக விட்டுவிடுவோமா? வாரப் பத்திரிகையின் அட்டையைப் புத்தகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, தொடர்கதை படிப்பதுபோல் படித்தேன். ஆங்கிலத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தாள். நான் முன்கூட்டிப் படித்துவிட்டு வரக்கூடாது. முடிவு தெரிந்தால் என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துவிடுமாம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியவேண்டும். ஆபீசில் நாள் முழுக்க அந்தப் புத்தகத்தின் நினைப்பிலேயே, சேலம் வியாபாரிக்குப் போகவேண்டிய கடிதத்தை ஈரோட்டுக்கு டைப் அடித்தேன். வீட்டில் அக்கா பயத்தில் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டே "நிறுத்தாதே, படி" என்பாள். அவள் கன்னத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. ரத்தம் குடிக்கிற கதை கேட்டு!

இருபத்திரண்டில் எங்களை ஆட்டிவைத்தது கடிகாரக்காரன் கதை. ஒரு புதுப் பெண், அன்பான புருஷன், பெரிய பழைய வீடு. கூடத்தில் ஆளுயரக் கடிகாரம். வியாழக்கிழமைதோறும் ஒருவன் வந்து அதற்குச் சாவி கொடுத்துவிட்டுப் போவான். போகும்போது வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். "மறுபடி வாருங்கள்" என்று அந்த வீட்டில் இருக்கிற யாராவது ஒருவர் சொன்னால்தான் அடுத்த வாரம் அவனால் படி ஏற முடியும். மரியாதை தெரிந்த பெண், சொல்லிவிடுவாள். வாரத்துக்கு வாரம் அவள் வெளுத்துக்கொண்டே போகிறாள். டாக்டர் ஒயின் குடிக்கச் சொல்கிறார்.

அக்கா இடையில் நிறுத்தினாள். பால்காரர், தபால்காரர், சீட்டுக்காரம்மா, பிச்சைக்காரர் என்று யார் வந்தாலும் போயிட்டு வாங்க என்று சொல்லித்தானே நாம் அனுப்புகிறோம், அவன் மட்டும் மாட வீதிக்கு வந்தால் ஒரு வீடு தப்பாது என்றாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வயிறு குலுங்கக்கூடாது என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து, அம்மாவுக்குப் புரியாமல் இருக்க, அவனுக்கு வியாழக்கிழமைக்காரன் என்று பெயர்.

பத்தாவது வாரம் அந்தப் பெண் சந்தேகப்பட்டுக் கடிகாரத்தின் கதவைத் திறந்து பார்க்கிறாள். உள்ளே ஒன்றுமே இல்லை. சக்கரம் இல்லை, ஸ்பிரிங் இல்லை, வெறும் பெட்டி. அப்படியானால் இத்தனை வாரமாக அவன் எதற்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான்? அவளுக்குப் புரிந்துவிடுகிறது. புருஷன் பயந்துபோவான் என்று அவனிடம் மூச்சு விடவில்லை. இனி அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று முடிவு செய்கிறாள். வியாழக்கிழமை. அவன் வாசலில் தொப்பியோடு நிற்கிறான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் காத்திருக்கிறான். நான் பக்கத்தைப் புரட்டினேன்.

வேறு கதை. அடுத்த கதையின் முதல் பக்கம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கிழித்தவன் கை விளங்காமல் போக என்று சபித்தேன். அக்காதான் பக்கத்தின் அடியில் பென்சிலில் ஏதோ இருக்கிறது பார் என்றாள். பழைய காலத்துக் கூட்டெழுத்தில், தமிழில் எழுதியிருந்தது: "மீதி எதிர் வீட்டில். கேட்டும் தரவில்லை."

நான் விழித்தேன். அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் நடக்கிறதுதானே! ஒரு வாரப் பத்திரிகையை நாங்களும் பக்கத்து வீடும் பாதிப்பாதி போட்டு வாங்கினோம். படித்து முடித்ததும் எங்களுக்குப் பிடித்த தொடர்கதையை நாங்கள் கிழித்துத் தைத்துவைப்போம், அவர்களுக்குப் பிடித்ததை அவர்கள். ஒரு தடவை எங்கள் கதையின் கடைசிப் பக்கத்துக்குப் பின்பக்கத்திலேயே அவர்கள் கதை தொடங்கிவிட்டது. அந்த ஒற்றைத் தாளுக்காக இரண்டு வீடும் ஆறு மாதம் பேசவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் மயிலாப்பூரில் எந்த இரண்டு வக்கீல் குடும்பமோ, லண்டன் பத்திரிகையை வைத்துக்கொண்டு இதே சண்டையைப் போட்டிருக்கிறார்கள். எதிர் வீட்டுக்குத் தொடர்கதை, இந்த வீட்டுக்குக் காட்டேரி. தாள் எதிர் வீட்டுக்குப் போய்விட்டது.

அக்கா சிரிக்கவில்லை. சனிக்கிழமை காலையில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும்; சனிக்கிழமை வேண்டாம் என்று அம்மா கெஞ்சியும் டாக்டரம்மா கேட்கவில்லை. அன்று வியாழன். என் மணிக்கட்டைப் பிடித்து, "நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள அவ பொழைச்சாளா இல்லையான்னு எனக்குத் தெரியணும்" என்றாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளியிடம் அக்கா விஷயமாக வெளியே போகவேண்டும் என்று சொல்லி அரை நாள் லீவு வாங்கினேன். பொய்யில்லையே. லஸ்ஸில் புத்தகக்காரர் சாக்கை அப்போதுதான் விரித்துக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டேன்.

"இன்னாம்மா, பேய் புக்குக்கு ஜோடி தேடறியா?" என்றார். "சித்திரக்குளத்தாண்ட ஒரு பழைய வூட்டை இடிச்சிக்கினு கீறாங்கோ. அங்கேந்து அள்ளியாந்தது. செவுரு நிக்கசொல்லவே போய்ப் பாரு."

ஓடினேன். புடவை தடுக்க, செருப்பு வார் இழுக்க, நடு மத்தியான வெயிலில் ஓடினேன். தெருவில் தெரிந்தவர்கள் அக்காவுக்கு வலி எடுத்துவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை, இல்லை என்று கையை ஆட்டிக்கொண்டே போனேன். பாதி இடிந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அதன் எதிர் வீட்டில் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. புருவமெல்லாம் மாவாக நின்ற மில்காரர், வீட்டுக்காரர்கள் அடையாறுக்குக் குடிபோய் எட்டு வருஷமாகிறது, மாமி மாதாமாதம் வாடகைக்கு வருவார்கள் என்று சொல்லி, வழியும் சொன்னார். அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருக்கணும், இருக்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள்.

இருந்தது! மாமிக்கு ஐம்பது வயதிருக்கும், அந்த வீட்டு மருமகள். நான் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போய், அதே கறுப்புக் காலிகோ அட்டையில் ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமனார் உயிரை விட்டுப் படித்த தொடர்கதையாம். ஒரு ஜமீன், ஒரு உயில், பத்தொன்பது மாதம் இழுத்த வழக்கு. எதிர் வீட்டுக்காரர் தாளைக் கேட்டு நடுத்தெருவில் நின்று கத்துவார் என்று மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறாராம். நான் பரபரவென்று புரட்டினேன். ஜமீன் கதையின் ஒரு பகுதி தொடங்குகிற தாள். அதைத் திருப்பினால், என் வியாழக்கிழமைக்காரன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். ஒரே ஒரு பக்கம். நான் கூவியே விட்டேன்.

புத்தகத்தை ஒரு நாள் இரவல் கேட்டேன். மாமி வருத்தத்தோடுதான் சொன்னார். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, விளக்கேத்தியாச்சு. ஆத்துலேர்ந்து ஒண்ணும் வெளில குடுக்கறதில்லை. நாளைக்கு வந்து எடுத்துண்டு போயேன்."

நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரி. என் கைப்பையில் ஷார்ட்ஹேண்ட் நோட்டு இருந்தது. நீங்கள் படியுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். மாமி கான்வென்டில் படித்தவர், கணீரென்று படித்தார். டிக்டேஷன் எடுப்பவர்களுக்குத் தெரியும்: வார்த்தை காதில் நுழைந்து கை வழியாக இறங்கிவிடும், மண்டைக்குள் தங்காது. அக்காவின் சட்டமும் பிழைத்தது. என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாமல் இரண்டரைப் பக்கம் எழுதினேன். கடைசி வரியைப் படித்ததும் மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதையா பிள்ளைத்தாய்ச்சியிடம் படித்துக்காட்டப் போகிறாய் என்று கேட்டார். நான் இருந்த குஷியில் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த குங்குமத்தை வாங்கி நெற்றியில் அப்பிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கோயிலுக்குப் போகத் தேங்காய்த் தட்டோடு காத்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் நோட்டை எடுத்து ஆட்டிக்காட்டினேன். அக்கா கையைத் தட்டினாள், சின்னப் பிள்ளை மாதிரி.

படிக்க ஆரம்பித்தேன். அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. அவன் காத்திருக்கிறான். மழை பிடிக்கிறது. அவள் உதட்டிலிருந்து ரத்தம் கசிகிறது, அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவன் திரும்பி ஒரு படி இறங்குகிறான். அடுத்த வரியின் கோடுகளைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மாடிப்படியிலிருந்து புருஷன் இறங்கி வருகிறான். ஒன்றும் அறியாதவன். மழையில் நிற்கிற மனிதனை மனைவி வழியனுப்பாமல் நிற்கிறாளே என்று வெட்கப்பட்டு, அவனே சொல்லிவிடுகிறான்: மறுபடி வாருங்கள். அடுத்த வியாழக்கிழமை அவள் இல்லை.

அதை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. கண்ணை நோட்டிலேயே வைத்துக்கொண்டேன். பிறகு, புருஷன் கைத்தடியோடு இறங்கி வந்து அவனை விரட்டுகிறான், கடிகாரத்தைத் தூக்கித் தெருவில் போட்டு உடைக்கிறான், அவள் கன்னம் சிவக்கிறது என்று கடகடவென்று படித்து முடித்தேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "நீ உன் எழுத்தைத் தட்டித் தடவித்தான் படிப்பே. இவ்வளவு வேகமா எப்படி வந்துது?" என்றாள். நான் நோட்டை மூடினேன். "செத்துட்டாளா?"

ஆமாம் என்றேன். உள்ளது உள்ளபடி படி என்றாள். படித்தேன். அழுதுகொண்டே படித்தேன், வெட்கம் எதற்கு. அவள் அழவில்லை.

"பாவம், அந்தப் புருஷன் நல்லவன்டி. அவன்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலை, அதான் வாயைத் திறந்துட்டான்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "செவ்வாய்க்கிழமை என்னைப் பாக்க வந்தப்போ டாக்டரம்மா அம்மாவை வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நீயும் போனே. என்ன சொன்னாங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"எல்லாரும் நல்லதையே சொல்லிச் சொல்லித்தாண்டி எனக்கு பயமாயிருக்கு. என் வயித்துல நடக்கறது எனக்கு மட்டும்தான் தெரியலை."

சொன்னேன். சொல்லக்கூடாது என்று அம்மா கற்பகாம்பாள் மேல் சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மன் என்னை மன்னிக்கட்டும். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, வலிக்கு விடமுடியாது, ஆபரேஷன்தான். ரத்தம் நிறையப் போகலாம். குழந்தை சிறியதாக இருக்கிறது. இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் சொல்லமுடியாது என்றார். ரத்தம் தயாராக வைக்கச் சொன்னார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் என்னைப் பரிசோதித்துவிட்டார்கள், என் ரத்தம் அவளுக்குச் சேரும்.

அக்கா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன். பிறகு அவள், "உன் ரத்தமா? போச்சு. இனிமே எனக்கும் தொட்டதுக்கெல்லாம் கோவம் வரும்" என்றாள். வந்தது பாருங்கள் எங்களுக்கு ஒரு சிரிப்பு! கோயிலிலிருந்து வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அக்கா அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, எனக்கு எல்லாம் தெரியும்மா, நீ ஒண்ணும் ஒளிக்கவேண்டாம் என்றாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று மாதமாக அடக்கிவைத்த அழுகை.

ஆபரேஷன் திங்கட்கிழமை காலையில் நடந்தது. டாக்டரம்மா சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. என்னிடம் ஒரு பாட்டில் எடுத்தார்கள், நெய்வேலியிலிருந்து அத்தானோடு வந்த அவருடைய சிநேகிதர் ஒருவரிடம் ஒரு பாட்டில். நான் வீரமாக எழுந்து நின்று, இன்னும் வேண்டுமானால் எடுங்கள் என்று சொல்லி, அப்படியே மயங்கி விழுந்தேன்.

அக்கா கண் விழித்தது சாயங்காலம். உதடெல்லாம் வெள்ளை. முதலில் போன அம்மாவும் அத்தானும் குழந்தை நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் உள்ளே போனதும் விரலால் கிட்டே வரச் சொன்னாள்.

"நீ சொல்லு."

பெண் குழந்தை என்றேன். ரொம்பச் சின்னது, என் ஷார்ட்ஹேண்ட் நோட்டைவிடக் கொஞ்சம்தான் நீளம் என்றேன். முதலில் அழவில்லை, தட்டினார்கள், பிறகு அழுதது. மூன்று நாள் தாண்டினால்தான் நிச்சயம் என்கிறார்கள். இப்போது மூச்சு சீராக வருகிறது, என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றேன்.

அக்கா என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகுதான் கண்ணை மூடித் தூங்கினாள்.